பாதி சைக்கிளுக்குப் புது பிரேக்

“முழுசா ஓடுற வண்டிக்கே எவனும் புது பிரேக் போட மாட்டேங்குறான். நீங்க பாதி வண்டிக்குப் போடச் சொல்றீங்களேண்ணே!”

குருசுக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பலராமனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அமலநாதன் சாக்கிலிருந்து எடுத்து வைத்தது, ஹேண்டில் பாரும் ஒரு குட்டிச் சக்கரமும் உள்ள முன்பாதி மட்டும்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அவர் அப்பா கப்பலில் கொண்டுவந்த சைக்கிள் அது. நடுவில் ஓர் ஆணியை உருவினால் இரண்டாகக் கழன்றுவிடும்.

அப்பா போனபின் வீட்டைப் பங்கு பிரித்தார்கள். சைக்கிள் யாருக்கு என்று சண்டை முற்றி, அண்ணன் அமலநாதன் முன்பாதியை எடுத்துக்கொண்டார். தம்பி சவரிநாதன் பின்பாதியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட ஆளுக்கொரு ஓரம்.

“வியாழக்கிழமை பாரீசுக்குப் போறேன். இனிமே பையன்கூடத்தான்,” என்றார் அமலநாதன். “அதுக்குள்ள முடிச்சுடு. பிரேக்கு, அலாய் ரிம்மு, புது டயரு. ஹேண்டில் பாரை நாலு விரக்கடை இறக்கிடு.”

“இறக்கினா உங்க உயரத்துக்குக் கூனிக்கிட்டுல்ல ஓட்டணும்?”

“சொன்னதைச் செய்யேன்டா.”

ஓடாத பாதிக்கு இத்தனை சிங்காரம் பண்ணுகிற மனுஷனுக்கு, கூடப் பிறந்தவனிடம் போய்வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று பலராமனுக்குக் கசந்தது. வேலையை முடித்து ஓரமாக மாட்டி வைத்தான்.

புதன்கிழமை காலை சவரிநாதன் வந்தார். அவர் கையிலும் ஒரு சாக்கு.

“கியர் வாங்கியாந்திருக்கேன், மாட்டு. சீட்டு மெத்துன்னு இருக்கணும். நல்லா உசரத் தூக்கிடு.”

“தூக்கினா உங்க காலு எட்டாதேண்ணே!”

“எனக்கு எதுக்குடா எட்டணும்? எங்கண்ணன் உயரத்துக்கு வை. நாளைக்குப் பாரீசுக்குப் போறாராம். ரெண்டாக் கழட்டிப் பெட்டியில போட்டா பிளேன்ல போயிடும். அந்த ஊர்லயாவது அப்பா வண்டியை ஓட்டட்டும். நான் குடுத்தேன்னு சொல்லிடாத, வாங்க மாட்டாரு. எங்கயோ கெடைச்சுதுன்னு சொல்லு.”

“ஊருக்கே இந்த மாதிரி இருக்கிறது ஒரு வண்டி. அதுல பின்பாதி மட்டும் எங்கண்ணே கெடைக்கும்?”

சவரிநாதன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.

பலராமன் இரண்டு பாதியையும் சேர்த்து ஆணியைச் செருகினான். முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் தூக்கி, கோழி இரை பொறுக்குவதுபோல் நின்றது சைக்கிள்.

“எவன்டா ஹேண்டிலை இந்தக் கதிக்கு இறக்கினது? எங்கண்ணன் எப்படிடா ஓட்டுவாரு?”

பலராமன் செல்லில் அமலநாதனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

“வண்டி ரெடிண்ணே. எடுத்துக்க வரீங்களா?”

“எனக்கு எதுக்குடா? நாளைக்கு நான் பிளேன் ஏறினப்புறம் தம்பி வீட்ல குடுத்துடு. பின்னாடிப் பாதியை மட்டும் வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவான்? முழுசா ஓட்டட்டும். ஹேண்டிலை நல்லா இறக்கினியா? அவன் குள்ளன்டா.”

சவரிநாதன் போனைப் பிடுங்கினார். ஆறு வருஷம் கழித்து அண்ணனிடம் வாயைத் திறந்தார்.

“யாருண்ணே குள்ளன்?”