பொட்டு வைத்த சாமான்கள்

குவேக்கர்ஸ் ஹில்லில், பழைய சாமான்கள் விற்கும் தர்மக் கடைக்குள் மழைநாள் வெளிச்சம் சாம்பலாகக் கிடக்கிறது. சனிக்கிழமைதோறும் பழைய வீடியோ கேம்களைத் தேடி அலையும் சிறிதரன், கம்பளிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு கேம் பெட்டியை இழுத்தெடுக்கிறார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. பல வருடமாய் அவருக்கு அகப்படாதது. தூசியை ஊதியதும் மூடியில் மங்கிய சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் தெரிகின்றன. "இஞ்ச பாரும், எங்கட ஆக்களின்ர வீட்டுச் சாமான். வாங்கின அண்டைக்குப் பொட்டு வச்சிருக்கினம்," என்று மனைவியிடம் சிரிக்கிறார். சத்தியபாமா சிரிக்கவில்லை. அவள் பக்கத்திலிருக்கும் படிக்கிற மேசையைப் பார்க்கிறாள். அதன் விளிம்பிலும் ஒரு பொட்டு. அதற்கப்பால் சுவரில் சாய்ந்திருக்கும் பெரிய சைக்கிளின் கைப்பிடியில் இன்னொன்று, நேற்று வைத்ததுபோல் சிவப்பாக. டயர்களில் புது ரப்பரின் மெல்லிய முட்கள்கூடத் தேயவில்லை. "இஞ்சாருங்கோ, இது முழுக்க ஒரே பிள்ளையின்ர அறைச் சாமான்," என்கிறாள் மெதுவாக. சிறிதரன் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறார். கடையில் தொண்டு செய்யும் வெள்ளைக்கார மூதாட்டி ஈரத்துணியோடு வருகிறார். தகப்பன்தான் எல்லாவற்றையும் தனியாகச் சுமந்து வந்து இறக்கினார், பல வருடமாய்ப் பூட்டிக்கிடந்த அறையாம் என்கிறார். பிறகு, கறைக்கு மன்னிக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே கைப்பிடியைத் துடைக்கிறார். "வேண்டாம்," என்று சத்தியபாமாவின் வாயில் தமிழ்தான் வருகிறது. அதற்குள் துணி சிவந்துவிடுகிறது. மூதாட்டி சைக்கிளை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டுகிறார். யாருமே ஓட்டாத சைக்கிள் மாதிரி இருக்கிறதே என்கிறார், சந்தோசமாக.