முதல் ஸ்பூன்

"இதைப் பாரு! பிள்ளைக்கு வெச்சதைத் தானே தின்னுட்டு உட்கார்ந்திருக்காங்க!"

ஆபீசில் அவள் நீட்டிய போனைப் பக்கத்து மேஜைத் தோழி எட்டிப் பார்த்தாள். வீட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்த கேமரா எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தது. கணவனின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், குழந்தைக்கான பழக்கூழ்ப் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு ஸ்பூன் நிறைய எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எதிரே நாற்காலியில் குழந்தை கையை நீட்டி நீட்டி அழுதது. நாத்தனார் கொடுக்கவில்லை. பாக்கெட்டை எட்டாத தூரத்துக்கு நகர்த்திவிட்டு, சுவரில் மணி பார்த்தாள்.

"நேத்தும் இதே கூத்துதான். முதல் ஸ்பூன் மகாராணிக்கு. குழந்தை பசியில கத்திக்கிட்டே கிடக்கணும்."

"ருசி பார்க்கிறாங்களோ என்னமோ?"

"ருசி பார்க்க இதென்ன விருந்துச் சமையலா? நல்லா தெரியும்டி எனக்கு."

இன்சூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களில் யார் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்தக் கண்ணை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக அவளுக்கு வராது.

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. போன மாதம் கடைப் பண்டம் எதையோ தின்று, குழந்தைக்கு உதடு வீங்கி மூச்சு இரைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"கலருக்கோ, கெட்டியா இருக்கவோ சேர்க்கிற ஏதோ ஒண்ணு ஒத்துக்கலை. எதுன்னு தெரிய கொஞ்ச நாளாகும். குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"யாருக்குமே கிடையாது டாக்டர்" என்று இவள்தான் முந்திக்கொண்டாள். பின்னால் நின்ற நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அண்ணி" என்று அவளை அடக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே ஆர்கானிக். பாக்கெட்டில் பச்சை எழுத்தைப் பார்த்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள்.

"அவங்க தின்னது கிடக்கட்டும்" என்றாள் தோழி. "அந்தப் பாக்கெட்ல என்னென்ன சேர்த்திருக்குன்னு பார்த்தியா?"

"ஆர்கானிக்டி அது!"

"அதனால? விளைஞ்சது ஆர்கானிக்கா இருக்கும். பாக்கெட்ல அடைக்கிறப்போ கெட்டியா இருக்கணும், கலரா இருக்கணும்னு ஏதாவது சேர்க்கலாம். அதுக்கு அனுமதியும் இருக்கு. பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான். படிச்சியா இல்லையா?"

படிக்கவில்லை. இன்றைக்கு வைத்துவிட்டு வந்தது புதுப் பாக்கெட். நல்ல சிவப்பு நிறம். குழந்தைக்குப் பிடிக்குமே என்று நேற்றுதான் வாங்கினாள்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கேமராவைப் பார்த்தாள். நாத்தனார் வாயைக் கையால் பொத்தியபடி எழுந்து, பாக்கெட்டையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அவசரமாகப் படத்தை விட்டு வெளியே போனாள். காலி நாற்காலிதான் தெரிந்தது. அழுகைச் சத்தமும் சட்டென்று நின்றது.

ஊட்டிவிட்டாளா? அதனால்தான் அழுகை நின்றதா?

மேனேஜரிடம்கூடச் சொல்லாமல் இறங்கி ஓடி ஒரு டாக்ஸியைப் பிடித்தாள். வழியில் ஒவ்வொரு சிக்னலும் அவளுக்காகவே சிவப்பாக விழுந்தது. மறுபடியும் அந்த இரைப்பு காதில் கேட்டது. "கொஞ்சம் வேகமா போங்கண்ணே, குழந்தை தனியா இருக்கு" என்றாள். குழந்தை தனியாக இல்லை. ஆனால் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

கதவைத் திறந்தபோது, குழந்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாழைப்பழத்தை முகமெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சிரித்தது. அவள் பாய்ந்து தூக்கி உதட்டைத் தடவினாள். மார்பில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது.

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு துண்டால் வாயை மூடியபடி பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றாள். சிவப்புப் பாக்கெட் குப்பைத் தொட்டியில் கிடந்தது.

"குழந்தைக்கு இதைக் குடுத்தீங்களா?"

இல்லை என்று தலை மட்டும் ஆடியது.

"நல்லது. நீங்க மட்டும் தின்னீங்க. நான் எல்லாத்தையும் பார்த்தேன் அண்ணி. பசியில துடிக்கிற பச்சைப் பிள்ளை முன்னால உட்கார்ந்து தின்ன எப்படி மனசு வருது? உங்களுக்கு வேணும்னா கேளுங்க, தனியா ஒரு பெட்டியே வாங்கிப் போடுறேன். கொஞ்சம் திரும்புங்க. வாயில இன்னும் என்ன அடைச்சு வெச்சிருக்கீங்க?"

அவளே போய்த் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

நாத்தனாரின் உதடுகள் இரண்டும் தடித்து வீங்கியிருந்தன. அன்றைக்குக் குழந்தைக்கு வீங்கியது போலவே இருந்தது.

"பயப்படாதேம்மா" என்று நாக்கு குழறச் சொன்னாள் நாத்தனார். "மாத்திரை போட்டுட்டேன், வடிஞ்சிடும். பாப்பா வாயில ஒரு துளிகூடப் படலை."

"அண்ணி... உங்களுக்கும் இது..."

"சின்ன வயசுலேர்ந்தே உண்டு. அன்னிக்கு டாக்டர்கிட்ட அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அப்புறமாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

நாத்தனார் அவள் கையிலிருந்த துண்டை மெல்ல வாங்கி, குழந்தையின் முகத்தில் அப்பியிருந்த பழத்தைத் துடைத்துவிட்டாள்.

"சொல்லியிருந்தா, முதல் ஸ்பூனை நீ என்னைத் தின்ன விட்டிருப்பியா?"