அரிசிக் கட்டமும் ஆள் கட்டமும்

சமையல் கான்ட்ராக்டர் சகாயத்தின் கம்ப்யூட்டர் அட்டவணையில் இரண்டு கட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. ஒன்று அரிசிக் கட்டம், மற்றது ஆள் கட்டம். ஆளைப் பார்த்து அரிசியைச் சொல் என்று ஒன்றுக்கு ஃபார்முலா எழுதிய மனுஷன், ஏதோ நினைப்பில், அரிசியைப் பார்த்து ஆளைச் சொல் என்று மற்றதுக்கும் எழுதிவிட்டார்.

விருந்து நாள் வந்தது. உலை கொதிக்கிறது. எவ்வளவு அரிசி போட என்று சமையலாட்கள் கத்துகிறார்கள்.

"எத்தனை பேர் தம்பி?" என்றது அரிசிக் கட்டம்.

"நீங்க அரிசியைச் சொல்லுங்கண்ணே, நான் ஆளைச் சொல்லிடறேன்."

"ஆளைச் சொன்னாத்தானேடா அரிசி?"

"பெரியவங்க நீங்க முதல்ல சொல்லுங்க."

அரிசிக் கட்டத்துக்குத் தலை சுற்றியது. நான் இவனைக் கேட்டேனா, இவன் என்னைக் கேட்டானா? போன கேள்வியே திரும்பி வந்து வாசலில் நிற்கிறதே! ஊர் ஜனம் பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் பழி யார் தலையில் விழும்?

பொறுமை போன சகாயம், ஆள் கட்டத்து ஃபார்முலாவை அழித்துவிட்டு, இருநூறு என்று தட்டினார்.

"இருபது கிலோ!" என்று உடனே கூவியது அரிசிக் கட்டம். உலையில் அரிசி விழுந்தது. "பாத்தியா? நான் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

அப்போது கீழே, புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று பட்டியலைத் தொங்கவிட்டபடி காத்திருந்த சாத வகைக் கட்டம் கேட்டது.

"அண்ணன்மாரே, சோறு வெந்துடும். இதில எதைப் போட?"

அரிசிக் கட்டம் மெல்ல ஆள் கட்டத்தின் பக்கம் திரும்பியது.

"நீயே சொல்லு தம்பி."

"பெரியவங்க இருக்கையிலயா?"