கற்ற சொற்கள்

2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. திருச்சி பொன்மலைப்பட்டியில், ஒரு வீட்டுக் கணினியின் சி டிரைவ் நிரம்பியது.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சி-க்கு நேராகச் சிவப்புப் பட்டை. கீழே டி டிரைவ், ஆளில்லாத அறைபோல.

இடத்தை அடைத்திருந்தது மனைவியின் தமிழ்த் தட்டச்சு மென்பொருள். பங்குக் கோயிலின் மாத இதழை அவள் அதில்தான் அடித்தாள். பழைய இதழ்கள், தேர்த் திருவிழாப் படங்கள், எல்லாம் அதன் தரவு ஃபோல்டரில் இருந்தன.

கூடவே ஒரு சின்னக் கோப்பு. அதன் பெயர் 'கற்ற சொற்கள்'.

அவள் அடித்த சொற்களை மென்பொருள் கற்று வைத்திருந்தது. முதல் எழுத்தை அடித்தால் மீதியை அதுவே நீட்டும். 'சா' என்றால் சாம்பல் புதன். 'வ' என்றால் வத்தல் குழம்பு. சமையல் பக்கமும் அவள் பொறுப்புதான்.

'ஞா' என்றால் ஞாயிறு. அதற்கு அடுத்தபடி ஞானப்பிரகாசம்.

அது அவர் பெயர்.

அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். அவருக்கு பைபாஸ் நடந்த வருடம் மட்டும், இதழின் வேண்டுதல் பகுதியில் மாதம் தவறாமல் அதை அடித்திருந்தாள்.

போன வருடம் அவளை அடக்கம் செய்தார்கள்.

அதன்பின் சில மாலைகளில் அவர் 'ஞா' அடிப்பார். பெயர் வரும். பார்த்துவிட்டு அழிப்பார். வேறெதுவும் அடிப்பதில்லை.

இப்போது ஃபோல்டரை டி-க்கு மாற்ற வேண்டும்.

மெனு அவள் வைத்துவிட்டுப் போனபடி தமிழில் இருந்தது. வெட்டு. நகலெடு. ஒட்டு. அழி.

'வெட்டு' மேல் நின்ற அம்புக்குறியை அவர் நகர்த்தினார்.

நகலெடுத்தார். டி-யில் ஒட்டினார். ஒவ்வொரு கோப்பாக வந்து சேர்ந்ததைச் சரிபார்த்தார். பிறகுதான் பழையதை அழித்தார்.

மென்பொருளைத் திறந்து 'ஞா' என்று அடித்தார்.

ஞா.

அவ்வளவுதான். பக்கத்தில் எதுவும் வரவில்லை.

மூடித் திறந்தார். மறுபடியும் வெறும் ஞா.

கணினி பழுது பார்க்கும் அமலனுக்குப் போன் போட்டார். ஃபோல்டரை மாற்றியதையும் சொற்கள் வராததையும் சொன்னார்.

"பயப்படாதீங்க சார். அது இன்னும் பழைய வீட்டுக்கே போய்க் கதவத் தட்டிக்கிட்டிருக்கு. செட்டிங்ஸ்ல புது விலாசத்தக் குடுங்க, வந்துடும். வரலன்னாலும் விடுங்க. நீங்க அடிக்க அடிக்க உங்க வார்த்தையெல்லாம் கேட்டுக் கேட்டுக் கத்துக்கும்."

"என் வார்த்த யாருக்குய்யா வேணும்?"

போனை வைத்தார்.

செட்டிங்ஸில் பாதை இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். சி-யை எடுத்துவிட்டு டி போட்டார்.

ஞா.

ஞாயிறு. ஞானப்பிரகாசம்.

கொஞ்ச நேரம் கையை விசைப்பலகை மேலேயே வைத்திருந்தார். தெருவில் பால்காரரின் மணியோசை கடந்து போனது.

அன்றே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மாத இதழுக்கு ஓர் அறிவிப்பு. பங்குச் சாமியார் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

'மு' அடித்தார். முதலாம் வந்தது. 'ஆ'-வுக்கு ஆண்டு. 'நி'-க்கு நினைவுத் திருப்பலி. ஊரின் சாவு அறிவிப்புகளையெல்லாம் அடித்தவள் அவள். எந்தச் சொல்லுக்கும் அவர் தேட வேண்டியிருக்கவில்லை.

பிறகு 'எ'.

எங்கள். எல்லாம். எழுந்தருளி.

காத்திருந்தார்.

அடுத்த எழுத்தையும் அடித்தார். எம. அங்கேயும் இல்லை. இத்தனை இதழ்களில் அவள் தன் பெயரை ஒருமுறைகூட அடித்திருக்கவில்லை.

ஒரு விரலால் மீதியையும் தேடித் தேடி அடித்தார்.

எமல்டா.

ஒரு சின்னப் பெட்டி திறந்தது. 'புதிய சொல். சேர்க்கவா?'

அது அவள் அடித்த சொற்களின் கோப்பு. வேண்டாம் என்பதை அழுத்தினார்.

அறிவிப்பில் அந்தப் பெயர் இன்னும் சில இடங்களில் வந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாக அடித்தார்.