வியாழக்கிழமைப் போட்டி

வியாழக்கிழமை வந்தாலே நர்ஸ் ரெஜினாவுக்குக் கை கடுக்கத் தொடங்கிவிடும். மாணவர்களின் சைபர் போட்டிக்கு அவளுடைய ஆஸ்பத்திரியைத்தான் மைதானமாக விட்டிருந்தார்கள். ஒரு பள்ளி வென்டிலேட்டர்களை முடக்கும், இன்னொரு பள்ளி மீட்கும். மீட்கும்வரை நோயாளியின் மூச்சுப் பையை நர்ஸ்தான் கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்று நாற்பது நிமிடம்.

வீட்டு வாசலிலேயே மகள் ஷெர்லின் பரிசுக் கோப்பையை நீட்டினாள்.

“எம்மா, இந்த வார ரவுண்டுல எங்க டீம்தான் ஃபர்ஸ்ட், அடுத்து ஃபைனல்! நாங்க முடக்கினத மீட்கத் தெரியாம எதிர் ஸ்கூல்காரங்க நாப்பது நிமிஷம் திணறிட்டாங்க!”

வாங்கப் போனவளின் விரல்கள் மடங்கவில்லை. கோப்பை விழுந்து உருண்டது.

“என்னம்மா, கையில தெம்பே இல்லையா?”

ரெஜினா அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

“ஃபைனல் எத்தனை நிமிஷம்டி?” என்று மட்டும் கேட்டாள்.