பதினேழாம் நம்பர் காலி

உலகத்தில் ஒப்பந்தத்தை மதிக்கிற கடைசி மனிதன் தான்தான் என்பதில் சபை செக்ரட்டரி ராஜையாவுக்குச் சந்தேகமே கிடையாது. கமிட்டிக் கூட்டம் முடிந்து டீ வந்ததும் அதை இன்னொரு முறை அறிவித்தார்.

“அஞ்சு வருசம்னு எழுதினா அஞ்சு வருசமாக்கும். கர்த்தர் நேர்ல வந்து எழுப்பினா ஒழிய, நான் ஒருத்தனையும் நாளுக்கு முன்ன எழுப்ப மாட்டேன்.”

பக்கத்து ஊர்ச் சபையின் செக்ரட்டரியை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது. “அவனுக்க அண்ணனுக்கு வேண்டி, பாவப்பட்ட ஒரு கொத்தனாரை ரெண்டாம் வருசமே வெளிய எடுத்தான். அவனெல்லாம் ஒரு மனுசனா?”

“சார் இருக்குறது வரை இங்க அது நடக்காது” என்றான் கமிட்டியில் இளையவனான அகில்.

எல்லாரும் போன பிறகு மனைவி சரோஜம் போனில் கூப்பிட்டாள். எடுத்ததுமே அழுகை. கல்யாணமான நாளிலிருந்து தம்பிக்காக அவள் அழுவது வழக்கம்தான்.

“நாளைக்குக் காலைல பிளைட்டுல தம்பி வாறான். வீட்டுல ஒரு நாளைக்கு மேல வச்சிருக்க ஒக்காது. சபை இடத்துல ஒண்ணை ஒழிச்சுக் குடுங்க. இதுகூடச் செய்யலேன்னா நீங்க என்னத்துக்கு செக்ரட்டரி?”

சபைக்குச் சொந்தமான இருபத்துநாலு இடங்களும் நிறைந்திருந்தன. ராஜையா பதிவேட்டைப் புரட்டி, கேட்க ஆளில்லாத பெயராகத் தேடினார். பதினேழாம் நம்பர், தையல்காரர் ரெத்தினதாஸ். மூன்று வருடம் முடிந்திருந்தது. ஒரே மகள் லிஜா, நெய்யாற்றின்கரையில் ஜவுளிக்கடையில் வேலை.

ராஜையா போனில் சொன்ன தகவலைக் கேட்டு, மாலையில் லிஜா ஒப்பந்தத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் உண்டு சாரே. இதுல நீங்கதானே ஒப்பு போட்டது?”

“ஒப்பு எனக்கதுதான். நெலம மாறிப்போச்சு.”

“அப்பா ஆருக்காவது ஒரு உபத்திரவம் செஞ்சாரா? ஒரு சத்தம், ஒரு வழக்கு உண்டா?”

ராஜையா நேர்மையாக யோசித்துப் பார்த்தார். “இல்ல. அதுல ஒரு குத்தம் சொல்லப்படாது. தங்கமான மனுசன்.”

“எனக்கு உள்ளது மூணு சென்டு. அதுல ஒரு முறியும் அடுக்களையும். அப்பாவ நான் எங்க கொண்டு வைப்பேன்?”

“ஆளாளுக்கு இப்படி அழுதா சபை நடத்த ஒக்குமா? சொந்தம் வேற, நிர்வாகம் வேற.”

சொல்லிக்கொண்டே ரெத்தினதாஸின் பெயரை ஸ்கேல் வைத்து அடித்தார். அதற்கு மேலே மச்சினன் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதிப் பதிவேட்டை மூடினார்.

லிஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கேன்னா எப்டி சாரே? வண்டி பிடிக்கணும், ஆளு கூட்டணும்…”

ராஜையாவுக்கு அன்று முதல் முறையாக இரக்கம் வந்தது.

“வண்டியும் ஆளும் எதுக்கு மக்கா? மூணு வருசமாச்சு, வெறும் எலும்புதான். ஒரு சாக்கு கொண்டு வா.”