கழுத்தில் மூன்று சுற்று

சத்தியநேசனின் கழுத்தில் கயிறு விழுந்ததும் கூட்டம் பேச்சை நிறுத்தியது. கயிற்றின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் கையில் சுற்றிப் பிடித்து, உத்தரவுக்காகக் காத்து நின்றார்கள்.

சேரன்மகாதேவிச் சந்தைத் திடலில் அன்று சாயங்காலம் கயிற்று வித்தை. வித்தைக்காரன் அதைச் சற்று முன்புதான் தன் கழுத்திலேயே செய்து காட்டியிருந்தான். மூன்று சுற்றுச் சுற்றினான்; மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் பலங்கொண்ட மட்டும் இழுத்தார்கள். கயிறு கழுத்தை ஊடுருவி வந்ததுபோல முழுசாகக் கீழே விழுந்தது.

"இனி உங்கள்ல ஒருத்தர் வாங்க. பயப்படுதவுக வரவேண்டாம்" என்று அவன் கூப்பிட்டான். எழுந்தது மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் சத்தியநேசன்.

மனைவி ஹெப்சிபா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? குருவானவர் கேள்விப்பட்டா என்ன நினைப்பாரு?"

"குனிஞ்சா விழுந்துரும். இத வச்சிரு." மூக்குக்கண்ணாடியையும் வீட்டுச் சாவியையும் அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் போய் மண்டியிட்டார். மண்டியிடும்படி வித்தைக்காரன் இன்னும் சொல்லவில்லை.

அவன் கயிற்றை எடுக்கக் குனிந்தபோது தலைப்பாகை நழுவியது. இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாக இருந்தது. ஹெப்சிபா அடையாளம் கண்டுகொண்டாள். தாடி வளர்த்திருந்தாலும் அவன் அப்பாத்துரைதான்.

மூன்று வருஷத்துக்கு முன், 1909-இல், ஆற்றங்கரையில் ஒரு நெல் வியாபாரி வெட்டுப்பட்டுச் செத்தான். அந்த வழக்கில் அப்பாத்துரையின் அண்ணனைத் தூக்கில் போட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் அந்த அண்ணன் அரிவாளோடு ஓடியதைக் கண்டதாகச் சொன்ன ஒரே சாட்சி சத்தியநேசன். 'பேருக்கேத்த மனுஷன்' என்று சபையே அவரைக் கொண்டாடியது. தீர்ப்புச் சொன்ன அன்று கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் நின்று அவரையே வெறித்துக்கொண்டிருந்த தம்பியின் புருவத்தை ஹெப்சிபா மறக்கவில்லை.

பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டு ஞானம்பாளின் கையை இறுகப் பிடித்தாள். "அக்கா, நிறுத்தச் சொல்லுங்க."

"வித்தைதானட்டி. சும்மா இரு."

கத்திவிடலாம். ஆனால் அலறலைக் கேட்டுப் பதறி அந்த இரண்டு பேரும் இழுத்துவிட்டால்? அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

அப்பாத்துரை ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டு. மூன்றாவது சுற்றில் அவன் பார்வை வாத்தியாரின் முகத்தில் நின்றுவிட்டது. கண்ணாடி இல்லாத அந்த முகத்தை அவன் இப்போதுதான் அடையாளம் கண்டுகொண்டான் என்பது ஹெப்சிபாவுக்குத் தெரிந்தது. அவன் கயிற்றை இறுக்கினான்.

அவள் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் தன் கழுத்தில் சுற்றியபோது பிடரிக்குப் பின்னால் கயிற்றை மடித்துச் செருகியதை அங்கிருந்து பார்த்திருந்தாள். கயிற்றைக் கழற்றிவிடும் அந்த மடிப்பு இவர் பிடரியில் இல்லை.

சத்தியநேசனின் உதடு அசைந்தது. ஏதோ சில வார்த்தைகள். கூட்டத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அப்பாத்துரையின் கை அப்படியே நின்றது.

"இழுக்கலாமாவே?" என்றான் முனையைப் பிடித்திருந்தவன்.

"பொறு." அப்பாத்துரை கையை உயர்த்தினான்.

கூட்டம் சலசலத்தது. அவன் அசையவில்லை. பிறகு மூன்று சுற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தான். பைய, முதலிலிருந்து மறுபடியும் சுற்றினான். அவன் முதுகு மறைத்ததால் பிடரியில் என்ன செய்தான் என்பது ஹெப்சிபாவுக்குத் தெரியவில்லை.

"இழுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 'கர்த்தாவே, கர்த்தாவே' என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. திடலே இரைந்தது.

கண்ணைத் திறந்தபோது கயிறு தரையில் கிடந்தது. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றார்.

அப்பாத்துரை கும்பிடு போடவில்லை. மண்ணில் உட்கார்ந்து கயிற்றை முகத்தோடு சேர்த்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று தேம்பினான். அதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

வாய்க்கால் கரையில் வீட்டுக்கு நடக்கும்போது ஹெப்சிபா மூக்குக்கண்ணாடியை அவரிடம் நீட்டினாள்.

"அவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். திடலுக்குள்ள வந்ததுமே தெரிஞ்சுட்டு."

"தெரிஞ்சுமா கழுத்தக் கொடுத்தீய?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"அவன் கொல்லத்தான் பாத்தான். என் கண்ணால பாத்தேன். அப்புறம் நீங்க என்னமோ சொன்னீய, கைய நிறுத்திட்டான். என்ன சொன்னீய? உயிருக்குக் கெஞ்சினீயளா?"

சத்தியநேசன் நின்றார். கயிறு இறுகிய தடம் கழுத்தில் சிவந்து கிடந்தது. அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு ஆத்தங்கரையில நான் யார் மூஞ்சியையும் பாக்கலன்னு சொன்னேன்."